நேர முத்திரையும் நிகழ்ச்சி வரிசையும்: வடமராட்சியின் இரு நேரங்களை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாற்றாய்வாளனுக்கு முதலில் வேண்டப்படுவது நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையே. எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது, எது எதிலிருந்து தோன்றியது என்னும் வினாக்களுக்கு விடை காணாதவிடத்துக் காரண காரியத் தொடர்பு பற்றிப் பேசுதல் இயலாது. சாசனம், ஏட்டுச்சுவடி, பத்திரிகை என்பனவே ஆதாரங்களாக இருந்த நிலை மாறி, இன்று கடிதம், அறிக்கை, ஒளிப்படம், கணக்கேடு ஆகியவற்றுட் பெரும்பாலானவை கணினிக் கோப்புகளாகவே பிறக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் மீதும் கணினி தானாகவே ஒரு நேர முத்திரையைப் பொறிக்கின்றது. நாள், மணி, நிமிடம், செக்கன் என இத்துணை நுணுக்கமாக அமைந்த முத்திரையைக் கண்டதும் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே வளர்ந்து வருகின்றது. அம்மனப்பாங்கு எவ்வளவுக்குப் பொருத்தமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1996 முதல் 2006 வரை வல்வெட்டித்துறை உள்ளிட்ட வடமராட்சியிலும் அதனை அடுத்த வன்னியிலும் நிலவிய இரு வேறு நேர வழக்குகள் இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைகின்றன.

1. முத்திரையின் பிறப்பு

கணினி நேரத்தை அறிவதில்லை, எண்ணுகின்றது. அதனுள் அமைந்த படிகம் ஒன்று செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வதிர்வுகளை எண்ணியே கணினியின் கடிகாரம் இயங்குகின்றது. கணினி நிறுத்தப்பட்டிருக்கும் வேளையிலும் சிறிய மின்கலம் ஒன்றின் துணையால் இவ்வெண்ணிக்கை தொடர்கின்றது. ஆயின், எந்தப் படிகமும் குறித்த வேகத்திலேயே பிசகின்றி அதிர்வதில்லை. பொதுவாக 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட இப்படிகங்கள், வெப்பம் மிகினும் குறையினும் சற்றே மெதுவாகின்றன. பத்து இலட்சத்திற்கு 20 பங்கு என்னும் சிறு வழு ஏற்படின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 செக்கனும் ஆண்டொன்றுக்குப் பத்து நிமிடத்திற்கு மேலும் கடிகாரம் விலகிவிடும். இதுவே கடிகார விலகல் எனப்படுவது. மின்கலம் தீர்ந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசமானது. பழைய கணினிகள் பல, அவ்வாறான வேளையில் 1980 சனவரி 1ஆம் நாளுக்குத் திரும்பிவிடுவன. மின்சாரம் இன்றி மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த கணினிகள் மீண்டும் உயிர்பெற்றபோது, அவற்றில் எழுதப்பட்ட கோப்புகள் எந்த ஆண்டின் முத்திரையைத் தாங்கியிருத்தல் கூடும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

கோப்பின் முத்திரை சொல்வது யாது என்பதும் கவனித்தற்குரியது. அது பொதுவாக அக்கோப்பின் உள்ளடக்கம் அந்தக் கணினியில் இறுதியாக எழுதப்பட்ட வேளையையே குறிக்கின்றது. ஆக்கியோன் அதனை இயற்றிய நாளை அது குறிப்பதில்லை. ஒரு கோப்பைப் பிரதி செய்யும்போது, செய்யும் முறையைப் பொறுத்துப் பழைய முத்திரை நிலைத்தலும் உண்டு. புதிய முத்திரை ஏறுதலும் உண்டு. ஏட்டுச்சுவடியின் இறுதியில் பிரதி செய்தவன் குறித்துவைத்த நாளை நூலாசிரியனின் காலமாகக் கொள்பவர் எவருமிலர். கோப்பின் முத்திரை தொடர்பிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

2. நேரத்தை எழுதும் இரு முறைகள்

முத்திரையை எழுதுவதில் இரு முறைகள் உள்ளன. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகள், 1970 சனவரி 1ஆம் நாள் கிறீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த செக்கன்களின் எண்ணிக்கையைப் பதிகின்றன. அவ்வெண்ணை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுவது பின்னர் நிகழும் செயல். இதற்கு மாறாக, டொஸ் இயங்குதளத்தோடு பரவி, வின்டோஸின் தொடக்க காலத்திலும் நிலைத்த 'ஃபற்' என்னும் கோப்பமைப்பு, சுவர்க் கடிகாரம் காட்டும் உள்ளூர் நேரத்தை அப்படியே, அதுவும் இரண்டு செக்கனுக்கு ஒரு முறை என்னும் அளவில், எழுதிவைத்தது. எந்த ஊரின் நேரம் என்னும் குறிப்பு அதில் இல்லை.

இக்குறைபாட்டின் தன்மை நமக்குப் புதியதன்று. நம் ஏடுகளில் ஆண்டினைப் பிரபவ முதலிய அறுபது பெயர்களால் குறிக்கும் வழக்கம் இருந்தது. 'விய வருடம்' என்று மட்டும் ஓர் ஏட்டில் இருக்குமாயின், அது 1886ஆம் ஆண்டிலும் தொடங்கியிருக்கலாம், 1946இலும் தொடங்கியிருக்கலாம், 2006இலும் தொடங்கியிருக்கலாம். பெயர் சரியே, அது எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதே தெரியவில்லை. இடக் குறிப்பில்லாத உள்ளூர் நேரமும் இத்தகையதே. 'காலை 9.00' என்பது பொய்யன்று. ஆயின், எவருடைய காலை 9.00 என்னும் வினாவுக்கு அது விடை தருவதில்லை.

3. ஒரு கரை, இரு நேரங்கள்

இலங்கையின் நேரம் இயற்கை வகுத்த ஒன்று போலத் தோன்றினும், அரசாணைகளால் பலமுறை மாற்றப்பட்ட ஒன்றாகும். வல்வெட்டித்துறையின் நெட்டாங்கு ஏறத்தாழ 80 பாகை 10 கலை கிழக்கு. ஞாயிற்றின் இயக்கத்தை மட்டும் கொண்டு கணித்தால் அவ்வூரின் நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணி 20 நிமிடம் 40 செக்கன் அளவில் முந்தியது. 1906இல் நாடு முழுவதற்குமாக ஐந்தரை மணி என்னும் பொது நேரம் ஏற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இரு தடவைகள் அரை மணி வீதம் அது முன்தள்ளப்பட்டு, 1945 ஒக்ரோபரில் பழைய நிலைக்கு மீண்டது.

1996இல் கடுமையான மின்சார நெருக்கடி தோன்றியபோது, மே 25ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆம் நாள் அதிகாலை 12.30க்கு அதில் அரை மணி குறைக்கப்பட, கிறீன்விச்சுக்கு ஆறு மணி முந்திய நேரம் நிலைபெற்றது. அது 2006 வரை நீடித்தது. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பிரதேசங்கள் இம்மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கு ஐந்தரை மணி நேரமே தொடர்ந்து வழங்கியது. வடமராட்சி 1996 மே மாத நடுப்பகுதியில் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சில நாட்களுள் நேரமும் மாறியது. ஆட்சி மாற்றமும் நேர மாற்றமும் அம்மக்களுக்கு ஏறக்குறைய ஒருங்கே வந்து சேர்ந்தன. மின்சாரத்தைச் சேமிப்பதற்கென மாற்றப்பட்ட நேரம், தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டின் மீதும் விதிக்கப்பட்டது என்பது நோக்கற்பாலது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், முகமாலையைக் கடந்தவர்கள் அடையாள அட்டையை எடுப்பதோடு கைக்கடிகாரத்தையும் அரை மணி திருத்தவேண்டியிருந்தது.

இவ்வரை மணி வேறுபாடு ஆவணங்களுக்கு யாது விளைத்தது? 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையை எடுத்துக்கொள்வோம். சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நிகழ்ந்தது கிறீன்விச் நேரம் 00.58.53க்கு. வல்வெட்டித்துறையின் சுவர்க் கடிகாரத்தில் அது காலை 6.58, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடமராட்சி கிழக்கின் மருதங்கேணியில் காலை 6.28. இரு பகுதிகளும் ஒரே பிரிவின் கடற்கரைகள். இரு கரைகளையும் ஒரே கணத்தில் அலை தாக்கியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மேற்குப் பகுதியின் சாட்சி 9.15 என்பார், கிழக்குப் பகுதியின் சாட்சி 8.45 என்பார். இருவரும் உண்மையே பேசுகின்றனர். இருவரது வாக்குமூலங்களையும் ஒரே அட்டவணையில் இடும் ஆய்வாளன், இல்லாததோர் அரைமணி இடைவெளியைக் கண்டுபிடித்து, எச்சரிக்கை செய்ய அவகாசம் இருந்தது என்று கூட முடிவு செய்தல் கூடும். அக்காலத்து எண்ணியல் ஒளிப்படக் கருவிகளும் படத்தோடு உள்ளூர் நேரத்தை மட்டுமே பதிந்தன. கிறீன்விச்சிலிருந்து எவ்வளவு விலகிய நேரம் என்பதைக் குறிப்பதற்கு ஒளிப்படத் தரவு நியமத்தில் இடம் ஒதுக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேயே.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1996 ஒக்ரோபர் 26ஆம் நாள் 12.30ஐ எட்டிய கடிகாரம் மீண்டும் 12.00க்குத் திருப்பப்பட்டமையால், அந்த அரை மணி இரு முறை நிகழ்ந்தது. முதற் சுற்றில் 12.20க்கு எழுதப்பட்ட கோப்பு, இரண்டாஞ் சுற்றில் 12.05க்குத் திருத்தப்பட்ட தன் பிரதியினும் பிந்தியதாகத் தோற்றமளிக்கும். விய வருடப் பிறப்பு நாளாகிய 2006 ஏப்பிரல் 14ஆம் நாளின் நள்ளிரவை அடுத்தும் இவ்வாறே அரை மணி மீண்டும் நிகழ்ந்து, நாடு ஐந்தரை மணிக்குத் திரும்பியது. அன்று தொடக்கம் வன்னியின் நேரமும் கொழும்பின் நேரமும் ஒன்றாயின. ஆயின் அதற்கு முந்திய பத்தாண்டுகளின் ஆவணங்கள் அவ்வாறு ஒன்றாகிவிடவில்லை.

உலகக் கணினிகள் பல நாடுகளின் நேர மாற்ற வரலாற்றை அறிவதற்குத் தன்னார்வலர்களாற் பேணப்படும் ஒரு பொது அட்டவணையை நம்பியுள்ளன. அதில் இலங்கை முழுவதற்கும் 'ஆசியா/கொழும்பு' என்னும் ஒரே பதிவே உண்டு. மேற்கூறிய மாற்றங்கள் அனைத்தும் அதில் இடம்பெற்றுள்ளன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் நிலவிய நேரத்திற்கோ தனிப் பெயர் இல்லை. அப்பிரதேசத்தவர்கள் இந்தியாவுக்குரிய 'கொல்கத்தா' என்னும் பெயரைப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு 2006இல் அதில் எழுதப்பட்டது. 1970க்குப் பின் இரண்டும் ஒத்தே இருந்தன என்பதால் தொழினுட்ப நோக்கில் அது சரியானதே. எனினும், கிளிநொச்சியில் எழுதப்பட்ட கோப்பு ஒன்றினைக் கொழும்பின் பெயரால் வாசிக்கும் கணினி, அரை மணி வழுவுடனேயே அதனை வாசிக்கும். அதிகாரத்தின் எல்லைகள் ஆவணத்தின் வாசிப்பையும் வரையறுக்கின்றன.

4. முன்பின் அறியும் கருவிகள்

ஆவணங்களின் பல்வேறு நிலைகளையும் ஒழுங்காகப் பேணுதற்கென அமைந்தவையே பதிப்பாள்கை முறைமைகள். கணினி நிரல்களைப் பலர் கூடி எழுதும்போது, யார் எப்போது எதனை மாற்றினார் என்பதைப் பேண இவை தோன்றின. இன்று நூல்களும் அகராதிகளும் சட்டங்களும் இவற்றின் துணையுடன் தொகுக்கப்படுகின்றன. இவற்றின் வளர்ச்சி, நேரத்தின் மீது வைத்த நம்பிக்கை படிப்படியாகத் தளர்ந்த வரலாறு எனலாம்.

பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ஆக்கிய 'மேக்' என்னும் நிரல், முத்திரையை முற்றாக நம்பியது. மூலக் கோப்பின் முத்திரை அதிலிருந்து ஆக்கப்பட்ட கோப்பின் முத்திரையினும் பிந்தியதாயின், மூலம் மாறியுள்ளது எனக் கொண்டு அது மீள ஆக்கும்; அன்றேல் ஒன்றும் செய்யாது. கோப்புகள் ஒரு கணினியிலும் நிரல் மற்றொரு கணினியிலும் இருந்து, இரண்டின் கடிகாரங்களும் சில செக்கன்கள் விலகியிருந்தாற் கூட, மாற்றப்பட்ட மூலம் மாறாததாகக் கருதப்பட்டுவிடும். இதனாலேயே பின்னர் வந்த 'மேக்' வடிவங்கள், எதிர்கால நேரத்தைத் தாங்கிய கோப்பினைக் கண்டால் எச்சரிக்கை செய்யக் கற்றுக்கொண்டன.

வோல்ரர் ரிச்சி 1982இல் வெளியிட்ட 'ஆர்.சி.எஸ்.' முறைமை, தன் முன்னைய பதிப்பினும் முந்திய நேரத்தைத் தாங்கிய புதிய பதிப்பினை ஏற்க மறுத்தது. கடிகாரம் தவறாக முன்னோடிய நாளில் ஒரு பதிப்பு இடப்பட்டால், கடிகாரத்தைத் திருத்திய பின் வரும் நேர்மையான பதிப்பு வாசலில் நிறுத்தப்படும். 1986இல் தோன்றிய 'சி.வி.எஸ்.' ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே பேணியது. ஆயின் ஒருங்கே மாற்றப்பட்ட பல கோப்புகளையும் ஒரு செயலாகப் பிணைத்து வைக்கவில்லை. பிற்காலத்தில் அவ்வரலாறுகளைப் புதிய முறைமைகளுக்கு மாற்ற முயன்றோர், மாற்றியவர் பெயரையும் அவர் எழுதிய குறிப்பையும் நேரத்தின் அண்மையையும் கொண்டே அவற்றை மீளக் கோக்கவேண்டியிருந்தது. கடிகாரம் விலகியிருந்த இடங்களில் ஒரு செயல் இரண்டாகப் பிளவுபட்டது. இரு செயல்கள் ஒன்றாகக் கலந்தன. வழித்தொடர்பு பதியப்படாதவிடத்து நேரமே அதன் வேலையைச் செய்ய நேர்கின்றது. அதனை நேரம் செவ்வனே செய்வதில்லை.

இச்சிக்கலின் கோட்பாட்டு அடிப்படையை லெஸ்லி லாம்போர்ட் 1978இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் தெளிவாக்கினார். தொலைவிலுள்ள இரு கணினிகளின் கடிகாரங்களை முற்றாக ஒத்திசைவிக்க இயலாது. அது தேவையும் இல்லை. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றின் மீது தாக்கம் விளைத்திருக்கக் கூடுமாயின் மட்டுமே அது முந்தியது எனலாம். கடிதம் அனுப்பப்பட்டமை அது பெறப்பட்டமைக்கு முந்தியது. இதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை. ஒன்றையொன்று அறியாது நிகழ்ந்த இரண்டுக்கிடையே முன்பின் என்பதே இல்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்பிரலில் தொடங்கிய 'கிற்' என்னும் முறைமையில் இக்கருத்து நடைமுறை வடிவம் பெறுவதைக் காணலாம். அதில் ஒவ்வொரு பதிவும் தன் பெற்றோரின் பெயரைத் தன்னுள்ளே தாங்குகின்றது. அப்பெயரோ அப்பெற்றோரின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணித்துப் பெறப்பட்ட நீண்ட எண். பெற்றோர் பிறக்கும் முன் அவ்வெண்ணை எவரும் அறிந்திருத்தல் இயலாது. ஆதலின் பிள்ளை பெற்றோருக்குப் பிந்தியது என்பது எவரது கடிகாரத்தின் சாட்சியும் இன்றியே நிறுவப்படுகின்றது. ஒரு பதிவுக்கு இரு பெற்றோர் இருத்தலும் கூடும். பிரிந்து வளர்ந்த இரு கிளைகள் அங்கே இணைகின்றன.

கிற் நேரத்தைப் புறக்கணிப்பதன்று. மாற்றத்தை எழுதியவரின் நேரமும் அதனைப் பதிவு செய்தவரின் நேரமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. 1970 முதற் கழிந்த செக்கன்களோடு, '+0530', '+0600' என உள்ளூர் விலகலும் சேர்த்து எழுதப்படுகின்றது. பத்தாண்டு காலம் முகமாலைக்கு இப்பாலும் அப்பாலும் பிறந்த ஆவணங்களில் இந்நான்கு இலக்கங்கள் இருந்திருப்பின், மேலே கூறிய மயக்கம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். எனினும் அந்நேரம் பதிந்தவரின் கணினி சொன்ன நேரமேயாகும். கிற் அதனைச் சரிபார்ப்பதில்லை. நேரம் வாக்குமூலம், பெற்றோர் பெயர் சான்று. இவ்வேறுபாடே நம் கவனத்திற்குரியது.

கோப்பு முத்திரையையும் கிற் ஒரு வகையிற் பயன்படுத்துகின்றது. முன்பு கண்ட முத்திரையும் இப்போது காணும் முத்திரையும் ஒன்றாயின் கோப்பு மாறவில்லை என்றும், வேறாயின் திறந்து பார்க்கவேண்டும் என்றும் அது கொள்கின்றது. எது முந்தியது என்று அது கேட்பதில்லை. வேறுபட்டுள்ளதா என்று மட்டுமே கேட்கின்றது. எனினும் நீண்ட வரலாற்றினூடே விரைந்து செல்லுதற் பொருட்டு, பதிவுகளின் நேரத்தை ஒரு வழிகாட்டியாக அது கொண்டதுண்டு. கடிகாரம் தவறிய பதிவுகள் குறுக்கிட்டபோது அவ்வழிகாட்டி தடுமாறியது. ஆதலின் 2018 முதல், ஒவ்வொரு பதிவுக்கும் அதன் பெற்றோரின் தலைமுறை எண்ணினும் கூடியதோர் எண்ணை வழங்கும் முறை சேர்க்கப்பட்டது. மீண்டும் வம்சாவளியே துணைக்கு வந்தது.

இது தமிழாய்வாளர் அறியாத நெறியன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவருக்கும், அவருக்குப் பின்வந்த பதிப்பாசிரியர் அனைவருக்கும் எதிர்ப்பட்ட வினா இதுவே: எந்த ஏடு எந்த ஏட்டிலிருந்து எழுதப்பட்டது? பிந்திய காலத்து ஏடு பழைய பாடத்தைக் காத்திருக்கலாம்; பழைய ஏடு சிதைந்த பாடத்தைத் தாங்கியிருக்கலாம். இரு ஏடுகள் ஒரே பிழையைப் பகிர்வதைக் கொண்டு அவற்றின் உறவைத் துணிவது மூலபாடத் திறனாய்வின் வழி. அன்று பிழைகளைக் கொண்டு ஊகித்த வம்சாவளியை இன்று நாம் பதிவின் போதே எழுதிவைக்க முடிகின்றது.

5. கடலோடிகளின் நெறி

விலகும் கடிகாரத்தோடு வாழும் கலையைக் கடலோடிகள் நன்கறிவர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 'ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்' என்ற புதுப் பெயருடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய சமுத்திரப் பயணங்களில் நெட்டாங்கு அறிவதற்கு உலக மாலுமியியல் கடற்காலமானியையே நம்பியிருந்த காலம் அது. புவி நான்கு செக்கனில் ஒரு கலை சுழல்கின்றது. மத்திய கோட்டருகே அது ஒரு கடல் மைல். கடிகாரத்தின் ஒரு நிமிட வழு கப்பலைப் பதினைந்து மைல் திசைதிருப்பிவிடும்.

ஆயினும் நடுக்கடலில் கடற்காலமானியை எவரும் திருத்துவதில்லை. அது நாளொன்றுக்கு எத்தனை செக்கன் முந்துகின்றது அல்லது பிந்துகின்றது என்பதைத் துறைமுகத்திலேயே கண்டறிந்து ஏட்டில் எழுதிவைப்பர். பயணத்தின்போது கடிகாரம் காட்டுவதோடு அவ்வழுவைக் கூட்டியோ கழித்தோ உண்மை நேரத்தைக் கணிப்பர். திருத்தப்பட்ட கடிகாரம் தன் கடந்தகால வழுவை மறைத்துவிடும். எழுதப்பட்ட வழுவோ கடந்தகாலம் முழுவதையும் மீளக் கணிக்க உதவும். கணினிகளைப் பொறுத்தவரையில், டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட வலையமைப்பு நேர நெறிமுறை இன்று அவற்றின் கடிகாரங்களை இடையறாது ஒத்திசைவிக்கின்றது. அதுவும் இயன்றவரை கடிகாரத்தைத் திடீரெனப் பின்னோக்கித் தள்ளாது, சற்றே மெதுவாக்கியோ விரைவாக்கியோ சிறிது சிறிதாகத் திருத்துகின்றது. காலம் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றின் கோப்புகளின் வரிசை குலையும் என்பதே காரணம்.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? நேர முத்திரை பயனற்றது என்பதன்று. அது ஒரு சாட்சி. எல்லாச் சாட்சிகளையும் போலக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தப்படவேண்டியது. எந்தக் கடிகாரம், எந்த ஆட்சியின் நேரம், அக்கடிகாரத்தின் வழு எவ்வளவு என்பன அதனிடம் கேட்கப்படவேண்டிய வினாக்கள்.

போருக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் பிறந்த ஆவணங்கள் இன்று பலவாறாகத் தொகுக்கப்படுகின்றன. 1996 முதல் 2006 வரையான நெகிழ்தட்டுகளும் ஒளிப்படங்களும் ஒலிநாடாக்களும் வடமராட்சி வீடுகளிலும், புலம்பெயர்ந்தோர் வாழும் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுப்போர் செய்யத்தக்கவை சில. முதற் பிரதியின் முத்திரையை, தவறெனத் தெரிந்தாலும், மாற்றாது பேணுதல் வேண்டும்; திருத்தத்தை அருகே தனிக் குறிப்பாக எழுதவேண்டும். ஆவணம் பிறந்த இடம் அந்நாளில் எந்த நேரத்தைப் பின்பற்றியது என்பதைக் குறிக்கவேண்டும். ஒவ்வொரு பிரதியும் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பதியவேண்டும். ஒன்றையொன்று அறியாது பிறந்த இரு ஆவணங்களின் முன்பின் துணியப்படாதவிடத்து, அதனைத் துணியப்படாததாகவே விடும் நேர்மையும் வேண்டும்.

காணாமற் போன ஒருவர் இறுதியாகக் காணப்பட்ட வேளை, ஓர் எறிகணை வீழ்ந்த வேளை, ஓர் அறிவித்தல் வெளியான வேளை ஆகியவற்றிடையே அரை மணி என்பது சிறியதோர் அளவன்று. அறிவித்தல் முந்தியதா, எறிகணை முந்தியதா என்பதிலேயே பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கான விடை தங்கியிருத்தல் கூடும். இரு சாட்சிகள் அரை மணியால் முரண்படுகின்றனர் என்று கூறி இருவரையும் தள்ளிவிடுவது எளிது. அவர்கள் இரு வேறு நேரங்களில் வாழ்ந்தவர்கள் என்பதை அறிந்த ஆய்வாளனே அவ்விருவரது சொல்லும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதைக் காண்பான்.